ஓர் அறை, இரண்டு சீட்டு

போன மாதம் உங்கள் அலுவலகத்துக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்களே பேசித் தீர்த்துவிட்டீர்கள். பல ஊர்களில் ஓடும் ஒரே மென்பொருள், ஊருக்கு ஊர் தரவின் ஒரு பிரதி. எல்லாப் பிரதிகளும் எந்நேரமும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும் என்று வெள்ளைப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள் சொன்னார்கள். கொஞ்சம் தாமதமாக ஒன்றானால் என்ன குடிமுழுகிவிடும் என்று அந்தப் பக்கம் நின்றவர்கள் கேட்டார்கள். நான் காபியை ஆற்றிக் குடித்துக்கொண்டு இரண்டு தரப்பையும் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருடைய குடி முழுகும் என்று ஒருவராவது கேட்பார் என்று கடைசிவரை காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கே சொல்லியிருப்பேன். ஆனால் கோபத்தோடு சொன்னால் கோபம்தான் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், விஷயம் இருக்காது. அதனால் ஆறியபின் எழுதுகிறேன்.

நான் ராசிங்காபுரத்துக்காரி. மதுரையில் கணிதம் படித்தேன், அங்கேயே கம்ப்யூட்டரும் கற்றுக்கொண்டேன். எண்பதுகளின் பின்பாதியில் எனக்குப் போடிநாயக்கனூரில் வேலை கிடைத்தது. மலையில் ஏலம் பயிரிடும் சிலர் சேர்ந்து ஒரு ஸ்டோர் நடத்திவந்தார்கள். ஸ்டோர் என்றதும் கடை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் மலையில் ஸ்டோர் என்றால் பச்சை ஏலக்காயைக் காயவைக்கும் கட்டடம். விறகு எரித்து, அந்தச் சூட்டைக் குழாய் வழியாக அறைக்குள் விட்டு, தட்டுத் தட்டாகக் காயை அடுக்கி உலர்த்துவார்கள். செடியிலிருந்து எடுத்த காயைச் சுருக்காக அறைக்குள் ஏற்றிவிட வேண்டும். சாக்கிலேயே கிடந்தால் சூடேறி வெந்து, பச்சை நிறம் போய்ப் பழுப்பாகிவிடும். பழுத்த இலை மாதிரி இருக்கும் காயை ஏலக்கடையில் யாரும் கையில் எடுத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

எழுபதுகளில் இந்த அறைகளுக்கு முறை கொடுத்தது ஒரே இடத்தில்தான், மலை மேலே ஸ்டோர் வாசலில். முதலில் வந்து நின்றவருக்கு அறை, அவ்வளவுதான். பிறகு பயிரிடுபவர்கள் பெருகினார்கள். பாதிப் பேர் தோட்டத்தை மேலே வைத்துக்கொண்டு கீழே போடியில் குடியிருந்தார்கள். ஒரு அறை கேட்பதற்காகப் போடிமெட்டுக் கணவாய் தாண்டி ஏற வேண்டுமா என்று அவர்கள் சண்டை போட, போடி அலுவலகத்திலும் பதிவு தொடங்கினார்கள். இரண்டு இடம், ஒரே அறைகள். நீங்கள் இன்றைக்குப் பலகையில் வட்டம் வட்டமாகப் போடும் படத்தை எங்கள் ஆட்கள் அன்றைக்கே போட்டுவிட்டார்கள், படம் போடுகிறோம் என்று தெரியாமலே.

அந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் கம்ப்யூட்டர் வந்தது. மதுரைக் கம்பெனி ஒன்று போடியில் ஒரு பெட்டியும் ஸ்டோரில் ஒரு பெட்டியும் வைத்தது. இரண்டையும் இணைக்கக் கம்பி கிடையாது. இணைப்பு என்பது ஜீப்புதான். போடிப் பதிவுகளை ஃபிளாப்பியில் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, எவர்சில்வர் டிபன் டப்பாவில் வைத்துக் காலை ஜீப்பில் ஏற்றுவோம். மலைப் பதிவுகள் அதே டப்பாவில் சாயங்காலம் இறங்கும். எங்கள் ஃபிளாப்பிகளில் எல்லாம் ஏலக்காய் மணக்கும். நடுவில் அவசரம் என்றால் டெலிபோன். அது மழைக்காலத்தில் பாதி நாள் பேசாது.

என்னை எல்லாரும் பொட்டியம்மா என்று கூப்பிட்டார்கள். டைப்படிக்க வந்தவள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். நான் பேச ஆரம்பித்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

பிரதிகள் மாறுபட்டாலே தப்பு என்று நினைக்கிறவர்களுக்காக ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை மாரிமுத்து என்ற விவசாயி இறந்துவிட்டதாகப் போடியில் யாரோ தவறாகச் சொல்ல, அலுவலகத்தில் அவர் பெயரை நீக்கிவிட்டார்கள். மலையில் அவர் பெயர் அப்படியே இருந்தது. விஷயம் தெரிந்து நாங்கள் திருத்துவதற்குள் ஆளே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். "ஏத்தா, கீழ செத்துப்போனேன், மேல உசுரோட இருக்கேனாம்ல. வெரசா ஒரு முடிவு பண்ணுங்க, வீட்டுல சோறு போடலாமா வேணாமான்னு கேக்குறா" என்றார். எல்லாரும் சிரித்தோம், அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தோம். யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை. பெயர், விலாசம், யாருக்கு எத்தனை ஏக்கர் என்பதெல்லாம் ஜீப்பு வரும்வரை பொறுக்கும். அதற்காக இரண்டு பெட்டியையும் ஒன்றோடொன்று கட்டிப்போட வேண்டியதில்லை.

அறைகள் அப்படியில்லை.

அறைப் பதிவுக்கு ஸ்டோர்க் கமிட்டி போட்ட விதி எளிமையானது. காலையில் வானொலிச் செய்தி முடிந்ததும் இரண்டு இடத்திலும் பதிவு ஆரம்பிக்கும். அந்தந்த இடத்துப் பெட்டி அறை காலி என்று காட்டினால் கொடுத்துவிடலாம், சீட்டும் அச்சாகி வரும். ஜீப்பு மேலே போனதும் ஸ்டோர்ப் பெட்டி இரண்டு பதிவுகளையும் சேர்க்கும். ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுத்திருந்தால், யார் பதிவில் நேரம் முந்தியதோ அவருக்கே அறை. முதலில் வந்தவருக்கு முதலிடம் என்றால் யார் குறை சொல்ல முடியும்? எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

காய் எடுப்பு மும்முரமாகும்வரை ஒன்றும் தெரியவில்லை. மும்முரமானதும் செய்தி வாசிப்பவர் வணக்கம் சொல்லி முடித்த கொஞ்ச நேரத்திலேயே அறைகள் எல்லாம் தீர்ந்துபோயின. தகராறும் தொடங்கியது. இரண்டு பேருக்குப் பதிவான அறை என்று வந்தால் ஒவ்வொரு முறையும் போடியில் பதிந்தவரே ஜெயித்தார். மலைக்காரர்கள் முதலில் முனகினார்கள். அப்புறம் வாய்விட்டே சொன்னார்கள், கீழே இருப்பது கள்ளப் பெட்டி, கீழே இருக்கிறவர்களுக்குத்தான் வேலை செய்யும் என்று. போடியில் இருந்தவர்கள் திருப்பி, ஸ்டோர் குமாஸ்தா தங்கராசு ஏதோ கோல்மால் பண்ணி மாட்டிக்கொண்டான் என்றார்கள். போய்ப் பார்த்துவிட்டு வா என்று கமிட்டிச் செயலாளர் என்னை அனுப்பினார்.

மழை பிடித்துக்கொண்ட நாள் அது. டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். போடிமெட்டு தாண்டியதும் எதிரில் வந்த டிரைவர் ஒருவர், மரம் சாய்ந்து டெலிபோன் கம்பி அறுந்து கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். ஆக, மேலே போய் எதைப் பார்த்தாலும் கீழே யாரையும் கேட்க முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஸ்டோருக்குப் போனதும் தங்கராசுவின் முகத்தைப் பார்த்தேன். கோல்மால் பண்ணுகிற முகம் இல்லை. ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படிக்கிற ஆள் அவர். இரண்டு பதிவுகளையும் என் கண் முன்னால் சேர்த்தார். ஓர் அறையில் மோதல் வந்தது. போடியில் பதிந்தவர் காதர் பாய், மலையில் பதிந்தவர் செல்லத்தாயி. போடிப் பதிவுதான் முந்தியது என்று பெட்டி சொன்னது. அறை காதர் பாய்க்கு என்று அச்சாகி வந்தது.

செல்லத்தாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுத்தவர் தோட்டத்தில் காய் எடுத்தே வயதைக் கழித்தவர். அந்த வருடம்தான் முதல்முறையாக ஒரு சரிவைக் குத்தகைக்கு எடுத்துத் தானே பயிர் பார்த்தார். இந்தப் பெண்பிள்ளைக்குத் தோட்டம் பார்க்கத் தெரியுமா என்று நிலத்துக்காரருக்குச் சந்தேகம். முதல் எடுப்பு எப்படி வருகிறது என்று பார்த்துத்தான் அடுத்த வருடத்துக்குக் குத்தகையைத் தொடர்வேன் என்று சொல்லியிருந்தார். அவர் பார்க்கப்போவது காயின் நிறத்தைத்தான். காய் பச்சையாக வந்தால் செல்லத்தாயி பயிர்க்காரி. பழுப்பாக வந்தால் மறுபடியும் கூடையைக் கட்டிக்கொண்டு கூலிக்குப் போக வேண்டியதுதான்.

அவரும் அவர் தங்கையும் மட்டுமே எடுத்தார்கள் என்பதால் ஒரே நாளில் முடியவில்லை. முந்தின நாள் எடுத்த காயும் அன்றைக்கு எடுத்ததும் கலந்து, தலைச்சுமையாகச் சாக்குகளைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். இறக்கிக்கொண்டிருக்கும்போதே காதர் பாயின் ஜீப்பு வந்து நின்றது. போடியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், மேலே சின்னதாக ஒரு தோட்டம். அன்று காலையில் எடுத்த காய், முழு லோடு.

இரண்டு பேரும் சீட்டை நீட்டினார்கள். இரண்டிலும் ஒரே அறை.

தங்கராசு அச்சான தாளைப் பார்த்துவிட்டு, "பாய்க்குத்தான் விழுந்திருக்கு. யக்கா, உங்க சீட்டு செல்லாது" என்றார்.

செல்லத்தாயி என்னைப் பார்த்தார். "செல்லாதுன்னா என்ன தாயி அர்த்தம்? காலையில இந்தத் தம்பிதான இருக்குன்னு சொல்லிச்சு? அந்தச் சொல்ல நம்பித்தான மிச்சக் காயவும் பிடுங்கினேன். இருக்குன்னு சொல்லலேன்னா செடியிலயே விட்டிருப்பேன்ல."

"எனக்கும் இருக்குன்னுதான் சொன்னாக" என்றார் காதர் பாய். அவர் குரலும் தணிவாக இல்லை. "நானும் அந்த நம்பிக்கையிலதான ஜீப்பு பிடிச்சு வந்தேன். என்னமோ நான் பறிச்சுக்கிட்ட மாதிரி பாக்குறீக."

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாம் மலைக்காரர்கள். யாரோ பின்னாலிருந்து, "பொட்டி என்னைக்கு மேல உள்ளவுகளுக்குக் குடுத்துச்சு?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் பார்த்துப் பார்த்து வளர்த்த பெட்டி அது.

அந்த நேரத்தில் காய் எடுக்கும் பெண்கள் திடீரென்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓட ஆரம்பித்தார்கள். "ஏய், மணியப் பாருடி, கடைசி ஜீப்பு போயிரும்" என்று ஒருத்தி மற்றவளை இழுத்தாள். நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். காலையில் வானொலியைக் கேட்டுத் திருத்தி வைத்த கடிகாரம். கடைசி ஜீப்புக்கு இன்னும் தாராளமாக நேரம் இருந்தது. "எதுக்கு இப்படி ஓடுறீங்க? நேரம் இருக்கே" என்றேன். அந்தப் பெண்கள் ஓடிக்கொண்டே சிரித்தார்கள். "அது ஒங்க மணி. இது ஸ்டோர் மணி!"

சுவரைப் பார்த்தேன். ஸ்டோர்க் கடிகாரம் என்னுடையதைவிட அரை மணி நேரம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது.

"இது எப்பவும் இப்படித்தானா?" என்று தங்கராசுவைக் கேட்டேன்.

"எப்பவும் இப்படித்தான். ஒருக்கா ரெண்டு பொம்பளைப் பிள்ளைக கடைசி ஜீப்பத் தவறவிட்டு, இருட்டுல, மழையில, மெட்டு வரைக்கும் நடந்துபோச்சுக. அன்னையிலருந்து கடிகாரத்தைக் கூட்டித்தான் வச்சிருக்கோம். ஒருத்தரும் ஜீப்பத் தவறவிட்டது கெடையாது" என்றார் பெருமையாக.

"காலையில பெட்டியப் போட்டதும் மணி என்னன்னு அது கேக்குமே. எதைப் பார்த்து அடிப்பீங்க?"

அவர் சுவரைக் காட்டினார்.

உங்களில் பலர் பார்த்திராத பெட்டி அது. அணைத்துவிட்டால் நேரத்தை மறந்துவிடும். ஒவ்வொரு காலையும் போட்டவுடன் தேதியும் மணியும் கேட்கும், நாம் அடித்துக் கொடுக்க வேண்டும். போடியில் என்னைப் போல வானொலியைக் கேட்டு அடித்தார்கள். மலையில் சுவரைப் பார்த்து அடித்தார்கள். இரண்டு இடத்திலும் செய்தி முடிந்ததும்தான் பதிவு. ஆனால் அந்த ஒரே நிமிடத்தில் நடந்த பதிவு, போடியில் சரியான நேரத்தோடும் மலையில் அரை மணி பிந்தியும் எழுதப்பட்டது. அறைகள் எல்லாம் அந்த அரை மணிக்குள்ளேயே தீர்ந்துவிடும். அப்படியென்றால் எந்த மோதலிலும் மலைக்காரர் ஜெயிக்கவே முடியாது. யாரும் கோல்மால் பண்ணவில்லை. பெண்கள் இருட்டில் நடக்கக் கூடாது என்று நல்ல மனதோடு தள்ளிவைத்த ஒரு முள், ஒரு பருவம் முழுவதும் மலைக்காரர்களின் அறைகளைப் பிடுங்கிப் போடிக்குக் கொடுத்திருக்கிறது. ஸ்டோரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் அதைச் சொல்லவே இல்லை.

அரை மணியைக் கழித்துப் பார்த்தேன். செல்லத்தாயிதான் முதலில் பதிந்திருந்தார்.

கேட்கக் கமிட்டிக்காரர் யாரும் அங்கே இல்லை. டெலிபோன் செத்துக் கிடந்தது. தாளில் இருப்பதற்கு மாறாக நான் ஏதாவது செய்தால், கமிட்டியில் என்னைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள் என்றும் தெரியும். ஆனாலும் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "அறை செல்லத்தாயி அக்காவுக்கு" என்று சத்தமாகச் சொன்னேன்.

காதர் பாய் முகம் சிவந்துவிட்டது. "என்ன தங்கச்சி இது? கூட்டத்தைப் பாத்துப் பயந்துட்டியா? நான் பதிஞ்சது பொய்யா?"

"பொய்யில்ல பாய். நீங்க பதிஞ்சதும் நெசம், அவுக பதிஞ்சதும் நெசம். அறைதான் ஒண்ணே ஒண்ணு. எங்க பெட்டி ரெண்டு பேருக்கும் இருக்குன்னு சொன்னது எங்க தப்பு. அதுல அவுக முந்தி, நீங்க பிந்தி. மணியில உள்ள கோளாறை இப்பத்தான் பாத்தேன்" என்று கடிகாரத்தைக் காட்டி முழுவதையும் விளக்கினேன். எதையும் மறைக்கவில்லை, குழைந்து பேசவும் இல்லை. "கமிட்டிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். உங்க காயைக் கெடவிட மாட்டேன்."

அவர் என்னை முறைத்துக்கொண்டே போய்ச் செல்லத்தாயியின் சாக்கு ஒன்றில் கையை விட்டார். கையை வெளியே எடுத்ததும் அவர் முகம் மாறிவிட்டது. எத்தனை கோபம் இருந்தாலும் ஏலக்காய்க்காரர், சாக்குக்குள் காய் சூடேறுவதைக் கைபட்டுத் தெரிந்த பின்னால் சண்டை போட அவருக்கு மனம் வரவில்லை. "வெந்துக்கிட்டிருக்கு. என்னத்த வேடிக்கை பாக்குறீக, வெரசா உள்ள ஏத்துங்க" என்று தங்கராசுவை விரட்டினார். தானும் ஒரு சாக்கைத் தூக்கினார்.

அவர் காய் அன்று காலை எடுத்தது. சாக்கிலிருந்து கொட்டி மெல்லிசாக விரித்தால் விடியும்வரை தாங்கும். விரிக்க மழை படாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, கம்ப்யூட்டர் அறை. ஈரம் ஆகாது, தூசி ஆகாது, செருப்போடு யாரும் வரக் கூடாது என்று நானே சட்டம் போட்டு வைத்திருந்த அறை. பெட்டியை அணைத்து, உறை போட்டு, மேசையோடு மூலைக்குத் தள்ளச் சொன்னேன். தரை முழுக்க ஏலக்காய் பரவியது. விடிந்ததும் முதலில் காலியான அறையில் அதை ஏற்றினோம். காதர் பாய்க்கு ஒரு காய் கெடவில்லை. செல்லத்தாயிக்கு முந்தின நாள் எடுத்ததில் கொஞ்சம் நிறம் குறைந்தது, மற்றதெல்லாம் பச்சையாக வந்தது. நிலத்துக்காரர் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, அடுத்த வருடமும் நீயே பார் என்று சொல்லிவிட்டாராம். தங்கராசு சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இங்கே உங்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். கடிகாரக் கணக்கு தலைகீழாக வந்து, காதர் பாய்தான் முந்தியவர் என்று இருந்திருந்தாலும் நான் அறையைச் செல்லத்தாயிக்குத்தான் கொடுத்திருப்பேன். காரணத்தை வேறு மாதிரி சொல்லியிருப்பேன், அவ்வளவுதான். ஒருவர் காய் விடியும்வரை தாங்கும், இன்னொருவர் காய் தாங்காது. நெருக்கடியில் முதலில் பார்க்க வேண்டியது எதைப் பிறகு சரிசெய்ய முடியும், எதை முடியாது என்பதைத்தான். மாரிமுத்துவின் பெயரைத் திரும்பச் சேர்த்துவிடலாம். வெந்த காயைத் திரும்பப் பச்சையாக்க உங்களில் யாருக்காவது தெரியுமா?

போடியில் கமிட்டி கூடியது. எதிர்பார்த்தபடியே என்னைக் கிழித்தார்கள். நானும் விடவில்லை. அடங்கியதும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மதுரைக் கம்பெனிக்காரர், ஸ்டோர்க் கடிகாரத்தைச் சரியாக வைத்தால் போதும் என்றார். செயலாளர், மலைப் பதிவையே நிறுத்திவிட்டு எல்லாரும் டெலிபோனில் போடியைக் கேட்கட்டும் என்றார்.

"ஸ்டோர்க் கடிகாரத்தை யாரும் தொடக் கூடாது" என்றேன். "அது அந்தப் பெண்களுக்காக ஓடுது. நம்ம பெட்டிக்காக இல்ல. இன்னைக்குத் திருத்தினா நாளைக்கு வேற ஒரு காரணத்துக்காக வேற ஒரு கடிகாரம் மாறும். யார் முந்தின்னு ரெண்டு கடிகாரத்தை வச்சு முடிவுபண்ணுற வேலையே வேண்டாம்."

"சரி, டெலிபோன்ல கேக்கட்டும்."

"கம்பி அறுந்த நாள்ல? மழைக்காலத்துலதான் காய் எடுப்பு, மழைக்காலத்துலதான் கம்பி அறுந்துபோகுது."

பிறகு நான் நினைத்து வைத்திருந்ததைச் சொன்னேன். அறைகளைப் பிரித்துவிடுவோம். இந்த அறைகள் மலையுடையவை, மலை மட்டுமே கொடுக்கும். அந்த அறைகள் போடியுடையவை, போடி மட்டுமே கொடுக்கும். தன் அறையைக் கொடுக்க யாரும் யாரையும் கேட்க வேண்டாம், டெலிபோனும் வேண்டாம், மணியும் வேண்டாம். ஒரு பக்கம் மிஞ்சினால் மறுபக்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிடலாம். எழுதிக் கொடுத்தது ஜீப்பில் போய்ச் சேர்ந்த பிறகுதான் அது அவர்களுடையது. எழுதிக் கொடுத்த நிமிடத்திலிருந்து நம்முடையது இல்லை. நடுவழியில் இருக்கும்போது யாருடையதும் இல்லை.

செயலாளர் விவரமான மனிதர். சட்டென்று ஓட்டையைப் பிடித்தார். "அப்ப மேல ஒருத்தன் அறை இல்லாம நிப்பான், பக்கத்துலயே நம்ம அறை காலியாக் கெடக்கும். கெடக்கும்ல?"

"கெடக்கும்" என்றேன். "சில நாள் அப்படித்தான் கெடக்கும். அது எனக்குத் தெரிஞ்சே சொல்றேன். காலியாக் கெடக்குற அறையால யார் காயும் வேகாது. ரெண்டு பேருக்குக் குடுத்த அறையாலதான் வேகும்."

கூட்டத்தில் காதர் பாயும் உட்கார்ந்திருந்தார். "பிள்ளை சொல்றது சரி. எழுதிக்கிருங்க" என்றார். எழுதிக்கொண்டார்கள்.

பேச்சில் அது ஜெயித்துவிட்டது. ஆனால் நாம் எடுத்த முடிவின் வலி என்றாவது ஒரு நாள் ஒரு முகத்தோடு வந்து நிற்கும். எனக்கு அது அடுத்த வருடக் காய் எடுப்பில் வந்தது.

ஸ்டோரில் பெட்டியைச் சரிபார்க்கப் போயிருந்தேன். மறுபடி மழை, மறுபடி டெலிபோன் இல்லை. பதிவு ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே மலை அறைகள் தீர்ந்துவிட்டன. கடைசியாக வந்து நின்றவர் செல்லத்தாயி. மழைக்குத் தலையில் பிளாஸ்டிக் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டிருந்தார், கையில் காலிக் கூடை. அன்றைக்குக் காய் எடுக்கலாமா என்று கேட்க வந்திருந்தார்.

"இல்ல யக்கா. எங்க அறை எல்லாம் போயிருச்சு" என்றார் தங்கராசு.

அவருக்குப் பின்னால், திறந்த கதவு வழியாக, ஓர் அறை காலியாகக் கிடப்பது வாசலிலிருந்தே தெரிந்தது. தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். செல்லத்தாயி அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அந்தா, சும்மாதான கெடக்கு?"

யாருக்காகக் கமிட்டியோடு சண்டை போட்டேனோ, அவருக்கே இல்லை என்று சொல்ல வேண்டும். எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அங்கே ஒருவரும் எதிர்த்திருக்க மாட்டார்கள். "அது போடி அறை அக்கா" என்றேன். "கீழ யாருக்காவது குடுத்திருப்பாக, குடுக்காமலும் இருப்பாக. ஜீப்பு வந்தாத்தான் தெரியும். தெரியாம உங்களுக்கு இருக்குன்னு சொல்ல மாட்டேன்."

அவர் கூடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். கோபப்படுவார், அல்லது கெஞ்சுவார் என்று நினைத்தேன். எதற்கும் தயாராகத்தான் நின்றேன்.

"சரி விடு. காய் இன்னும் கொஞ்ச நாளு செடியில கெடக்கும், ஒண்ணும் ஓடிப்போயிறாது" என்றார். இரண்டு எட்டு வைத்தவர் திரும்பி நின்றார். "போன வருசம் இருக்குன்னு சொன்னீக, வந்து பாத்தா இல்ல. இப்ப இல்லன்னு சொல்றீக, இல்ல. இது போதும் ஆத்தா எனக்கு."

சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, களை எடுக்க நேரம் கிடைத்தது என்று கூட வந்த தங்கையிடம் சொல்லிக்கொண்டே சரிவில் இறங்கிப் போனார்.